மரம் கருகாத மெழுகுவர்த்தித் தாங்கி

ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியில் ஸைஃபன் என்று ஒரு சிற்றூர். வெள்ளீயச் சுரங்கம் நொடித்துப்போக, ஊரே கடைசல் வேலைக்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு அங்கே கடைந்து செய்யும் மரக் கோபுரத்தைப் பார்த்தால் நம் ஊர் ஆசாரி நெற்றியைச் சுருக்குவார். அடித்தட்டைச் சுற்றி மெழுகுவர்த்திகள் எரியும். அந்தச் சூட்டில் எழும் காற்று உச்சியிலுள்ள மெல்லிய மர இறக்கைகளைச் சுழற்ற, தட்டில் நிற்கும் பொம்மைகளும் கூடவே சுற்றிவரும். மேலும் மரம், கீழும் மரம், இடையில் நெருப்பு!

இறக்கைக்கும் சுடருக்கும் நடுவே நல்ல உயரம் விட்டிருப்பார்கள். வர்த்தியும் 14 மி.மீ. விட்டமுள்ள சிறியதுதான். அது நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். வீட்டில் மரத் தாங்கி செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கிண்ணத்தைத்தான்.

சுடரின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மரம் 300 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளும். ஆனாலும் வர்த்தி நெட்டையாக இருக்கும்வரை அடிக்கட்டைக்கு ஒன்றும் ஆகாது. சூடு மேலே போய்விடுகிறது, மிச்சத்தை உருகும் மெழுகு வாங்கிக்கொள்கிறது. ஆபத்தெல்லாம் வர்த்தி தீரும் நேரத்தில்தான். மெழுகு வற்றும், திரி சாயும், சுடர் மரத்தை நக்கும். வழிந்த மெழுகைக் குடித்த மரம் தானே திரியாகிவிடும். ஆகவே அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை நினைத்துத்தான் தாங்கியைச் செய்ய வேண்டும்.

முதலில் பித்தளையிலோ எஃகிலோ விளிம்பு மடங்கிய ஒரு சிறு கிண்ணத்தை வாங்கிவிடுங்கள். அதை அளந்த பிறகே மரத்தில் துளை போட வேண்டும். டீலைட் வைப்பதாக இருந்தால், அதன் அலுமினியக் கூடு சுமார் 38 மி.மீ. விட்டம், கிண்ணம் அதற்குச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். துளையில் சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி விடுங்கள். வெயில் காலத்தில் மரம் சுருங்கும், உலோகம் அதோடு சேர்ந்து சுருங்காது. இறுக்கி அடித்தால் கட்டை வெடிக்கும். பசை போட்டும் ஒட்ட வேண்டாம். சூட்டில் எப்பாக்ஸி இளகிவிடும், கிண்ணத்தை எடுத்து மெழுகைச் சுரண்டவும் வழியிருக்காது. கிண்ணத்தின் விளிம்பு துளையின் வாயை முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒரே கட்டையில் பல வர்த்திகள் என்றால் இடையில் 10 செ.மீ. விடுங்கள், நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று உருகி வழியும். கடைகளில் அழகுக்காக நெருக்கி அடுக்கியிருப்பதெல்லாம் வீண் வம்பு.

வார்னிஷ் பூசினால் தீப்பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீத்தடுப்புப் பூச்சுகூடத் தீயைத் தாமதப்படுத்துமே தவிர, கிண்ணத்தின் வேலையைச் செய்யாது. ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியின்றிப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ‘ஒன் மெரிடியன் பிளாசா’ இப்படிப்பட்ட துணிகளால்தான் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள். இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

கிண்ணத்தில் மெழுகே தீப்பிடித்துவிட்டால் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் மெழுகு தெறித்துத் தீ பெரிதாகும். ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மூடினால் போதும்.