மாரிக்கால இருமலும் மாட்டுக்கொட்டிலும்
நெடுந்தீவுக் குதிரை தரும் பாடம்

மருதனார்மடம் சந்தியிலிருந்து சற்று உள்ளே, ஓர் ஒழுங்கையின் முடிவில் அந்த வீடு இருக்கிறது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். ஊரில் தோட்டமும் பட்டி நிறைய மாடும் வைத்திருந்தவர்கள். இப்போது இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, சமையற் கொட்டில், மாட்டுக்கொட்டில் எல்லாம். ஒரு பசுவும் மூன்று ஆடுகளும் நிற்கின்றன. பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவு அந்தப் பசுவின் பாலில்தான் ஓடுகிறது.

நாம் போன மார்கழி நாளில் பசு விடாமல் இருமிக்கொண்டு நின்றது.

"மூண்டு மாரியா இப்பிடித்தான். கார்த்திகையிலை தொடங்கும், பங்குனி வெயில் வந்தால் நிக்கும். காய்ச்சலும் இல்லை. குளிர்தானே எண்டு விட்டிட்டம். இந்த முறை பாலும் பாதியாய்க் குறைஞ்சு போச்சு. வித்துப்போடுவம் எண்டு மகன் நிக்கிறான்" என்றார் வீட்டு அம்மம்மா.

விற்கத்தான் வேண்டுமா? அதற்கு முன் கொட்டிலைப் பார்ப்போம் என்று உள்ளே போனோம்.

கொட்டிலுக்குள் கண்டவை

கொட்டிலின் மூன்று பக்கமும் தகரம். மாட்டின் தலைக்கு மேலே பரண். பரணில் பங்குனியில் வன்னியிலிருந்து லொறியில் எடுத்த வைக்கோல், பொலித்தீனால் இறுக்கிச் சுற்றியபடி இருந்தது. ஒரு பிடியை இழுத்தபோது வெண்சாம்பல் நிறத் தூசி எழுந்தது. பூசண வாடை அடித்தது. எமக்கும் இருமல் வந்தது. நிலத்தில் மூத்திரம் தேங்கி நின்றது. மூலையில் நுளம்புக்காக இரவில் போட்ட வேப்பிலைப் புகையின் சாம்பல் கிடந்தது.

அம்மம்மா சொன்ன காலக்கணக்கு இப்போது விளங்கியது. மாசி, பங்குனியில் அறுவடையான காலபோக வைக்கோல் கோடை முழுவதும் காய்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பிடித்துப் பூசணம் பூக்கும். மழைக்காக மாட்டை நாள் முழுவதும் கொட்டிலுக்குள் கட்டுவதும் அதே மாதங்களில்தான். பங்குனியில் புது வைக்கோல் வரும், மாடும் வெளியே போகும், இருமல் நிற்கும். ஆகவே குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

குதிரைக்கு வரும் இருமல்

இந்த நோயை உலகம் முதலில் நன்றாக அறிந்தது குதிரையிடத்தில்தான். குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுவதும் குதிரையை லாயத்தில் அடைத்து உலர்புல் போடுவார்கள். சில குதிரைகள் ஆண்டுதோறும் அக்காலத்தில் இருமும். மூச்சை வெளியே தள்ள வயிற்றை எக்கி எக்கி உழைக்கும். காலப்போக்கில் விலா எலும்புகளின் கீழே தசை ஒரு கோடுபோலத் தடித்துவிடும். இத்தகைய குதிரையொன்றை வெட்டிச் சோதித்ததைப் பற்றி ஜோன் ஃபுளோயர் என்ற ஆங்கில வைத்தியர் 1698 இல் தமது ஆஸ்துமா நூலில் எழுதினார். இன்று மிருக வைத்தியர்கள் இதனைக் 'குதிரை ஆஸ்துமா' என்றே அழைக்கிறார்கள்.

காரணம் உலர்புல்லிலும் வைக்கோலிலும் உள்ள பூசண வித்துக்களும் நுண்தூசியும். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டுமே விடும். மூக்கைப் புல்லுக்குள் புதைத்துத் தின்னும்போது தூசி நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஒவ்வாமை கொண்ட குதிரையின் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கிச் சளி கட்டுகிறது. மருந்து கொடுத்தாலும், தூசியை நீக்காவிட்டால் நோய் திரும்பி வரும். குதிரையை வெளியே மேய்ச்சலில் விட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

எமது குடாநாட்டில் குதிரை என்றால் நெடுந்தீவுதான். குறிகாட்டுவானிலிருந்து படகில் போனால், போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் பெருகிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் வெளிகளில் திரிவதைக் காணலாம். ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்கள் இடிந்து நிற்க, குதிரைகளோ கூரையின்றிக் கடற்காற்றில் மேய்கின்றன. கோடையில் நீருக்கும் புல்லுக்கும் அவை படும் துன்பம் பெரிது. ஆனால் லாயத்து வைக்கோல் தூசியால் வரும் இருமலுக்கு அங்கே வழியில்லை.

மாட்டுக்கும் இது பொருந்தும். பூசண வைக்கோலால் மாட்டின் நுரையீரலிலும் ஒவ்வாமை அழற்சி வரும். ஆட்டுக்கும் தூசியும் மூத்திர வாடையும் இருமலைத் தரும்.

மனிதருக்கும் உண்டு

பூசணம் பிடித்த புல்லைக் கையாண்டவர்களுக்கு வந்த மூச்சு நோயை 1932 இல் இங்கிலாந்தில் கம்பெல் என்ற வைத்தியர் விவரித்தார். 'விவசாயி நுரையீரல்' என்று அதற்குப் பெயர். வைக்கோலை உதறிச் சில மணி நேரத்தின் பின் காய்ச்சல், நடுக்கம், இருமல், மூச்சிழுப்பு வரும். அடுத்த நாள் குறையும். தடிமன் என்று விட்டுவிடுவோம். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அந்த வீட்டில் பரணில் ஏறி வைக்கோல் இழுப்பது பன்னிரண்டு வயதுப் பேரன். அவனுக்கும் இரவில் இருமல் என்று பின்னர்தான் சொன்னார்கள். அவனை வைத்தியரிடம் காட்டும்படியும், வைக்கோல் வேலையிலிருந்து விலக்கும்படியும் சொன்னோம்.

நாம் செய்யக்கூடியவை

1. வைக்கோலை மாட்டின் தலைக்கு மேல் வைக்க வேண்டாம். கொட்டிலுக்குத் தள்ளி, பனங்குற்றிகளின் மேல் ஓரடி உயர்த்திப் போராக அடுக்குங்கள். பனையோலையால் வேயுங்கள். பொலித்தீன் போடுவதானால் மேலே மட்டும் போடுங்கள், பக்கங்களை மூட வேண்டாம். இறுக்கிச் சுற்றிய பொலித்தீனுக்குள் வைக்கோல் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

2. நல்ல வைக்கோலிலும் தூசி உண்டு. பத்து நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி, வடியவிட்டுக் கொடுங்கள். எமது வெப்பத்தில் நனைந்த வைக்கோல் விரைவில் பழுதாகும். மிஞ்சியதை அன்றே அகற்றுங்கள்.

3. பூசணம் பிடித்ததை நனைத்தாலும் தீவனமாகாது. தூசி பறக்காதபடி நனைத்து எடுத்துக் கூட்டெருக் கிடங்கில் போடுங்கள். அந்த வேலையின்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தாலோ ஈரத்துணியாலோ மூடுங்கள். சிறுவரை விடவேண்டாம்.

4. கொட்டிலின் நிலத்தைச் சரிவாக்கி மூத்திரம் வடிய வையுங்கள். காலையில் மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்செடுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் மாட்டின் மூச்சும் எரிகிறது.

5. கொட்டிலுக்குள் புகை போட வேண்டாம். நுளம்புக்கு வலை கட்டுங்கள். சமையற் புகை கொட்டிலுக்குள் வருகிறதா என்றும் பாருங்கள்.

6. மழை விட்ட நேரமெல்லாம் வெளியே கட்டுங்கள். கிளிசரியா, பூவரசுக் குழையும் பச்சைப்புல்லும் கூடுதலாகக் கொடுத்தால் வைக்கோலைக் குறைக்கலாம். வேலியில் குழை நடுவதற்கு இரண்டு பரப்புக் காணியிலும் இடமுண்டு.

காற்றோட்டம் என்பதற்காக மழையிலும் வாடைக்காற்றிலும் நிறுத்திவிடக் கூடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த கடுங்குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்ததை நாம் மறக்கவில்லை. வாடை அடிக்கும் பக்கத்தைக் கிடுகால் மறையுங்கள். எதிர்ப்பக்கத்தையும் கூரைக்குக் கீழே ஒரு முழத்தையும் திறந்துவிடுங்கள்.

எப்போது மிருக வைத்தியர் தேவை?

எல்லா இருமலும் தூசி இருமல் அல்ல. நுரையீரற் புழுவாலும் இருமல் வரும். கிருமியால் வரும் நுரையீரல் அழற்சி சில நாட்களில் கொன்றுவிடும். தொண்டை அடைப்பான் சில மணி நேரத்திலும் கொல்லும்.

காய்ச்சல், தீன் எடுக்காமை, மூக்கில் தடித்த மஞ்சள் சளி, தொண்டை வீக்கம், வாயைத் திறந்து மூச்சு விடுதல், ஒரே நேரத்தில் பல மிருகங்களுக்கு இருமல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதிக்காமல் அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

விடியற்காலைக் குளிர்மையில், மிருகம் அமைதியாக நிற்கும்போது, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். சுகமான ஆட்டுக்கு 15 முதல் 30 வரை இருக்கும். மாட்டுக்கு 35 இற்கு மேல் நாளுக்கு நாள் கூடினால் கவனம் தேவை. எண்ணியதைக் கொப்பியில் எழுதி வைத்தால் வைத்தியருக்கும் உதவும்.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். இருமும் மாட்டின் தலையை உயர்த்திப் போத்தலால் எண்ணெயோ கசாயமோ பருக்க வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் மாடு இறக்கலாம். அயல் வீட்டில் மிஞ்சிய ஊசி மருந்தையும் போட வேண்டாம். ஒவ்வாமையைத் தணிக்கும் சில மருந்துகள் நிறைமாதச் சினைப்பசுவில் கன்று விழக் காரணமாகும்.

தைப்பொங்கலின் பின்

கால்நடை வைத்தியர் வந்து பார்த்து, தொற்று நோய் இல்லை என்று உறுதி செய்தார். மகன் தகரத்தின் ஒரு பக்கத்தைக் கழற்றினார். பரண் வெறுமையானது. பழுதான வைக்கோல் எருக்கிடங்குக்குப் போனது. நல்ல வைக்கோல் வாங்கக் கையில் காசில்லை. அதே ஒழுங்கையில் இருக்கும் இன்னும் மூன்று இடம்பெயர்ந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுமை எடுத்து, ஒருவர் வளவில் பொதுவாகப் போர் வைத்துப் பங்கிட்டன.

பொங்கலின் பின் நாம் மீண்டும் போனோம். முதல் நாள் நிமிடத்துக்கு 44 ஆக இருந்த மூச்சு 28 ஆகக் குறைந்திருந்தது. இருமல் முற்றாக நிற்கவில்லை, விடியப்புறத்தில் இரண்டொரு தடவை வருகிறது. கெட்டுப்போன நுரையீரல் முழுவதும் பழைய நிலைக்கு வராமலும் இருக்கலாம். பால் மெல்லக் கூடுகிறது. பேரனும் இரவில் நித்திரை கொள்கிறான்.

"ஊரிலை மாடுகள் வெளியிலைதான் படுத்தது. இருமினதை நான் காணேல்லை" என்றார் அம்மம்மா.

ஊரில் வெளி இருந்தது. இங்கே இடம் இல்லை. இருக்கிற இடத்துக்குள் காற்று வரும் வழியையாவது திறந்து வைப்போம். ஐப்பசி மழைக்கு முன்னரே உங்கள் வைக்கோற்போரை ஒருமுறை பிரித்து மணந்து பாருங்கள்.