காதுகுத்து மொய்யும் செல்வமகளும்

மகளுக்குக் காது குத்தியாச்சு, தாய்மாமன் சீரும் வந்தாச்சு. மொய்ப் பணத்துல பிள்ளை பேருக்குன்னு எவ்வளவு எடுத்து வச்சீங்க?

நெல்லும் கரும்பும் வித்த காசோட மொய்யும் சேர்ந்து பந்தலுக்கும் விருந்துக்குமே சரியாப் போகும். மேலூர்ப் பக்கம் எல்லா வீட்டுலயும் இதே கதைதான். ஆனாலும் கையில ஒரு 250 ரூபாய் மிஞ்சினாப் போதும், நேரா தபால் நிலையத்துக்குப் போங்க. அங்கே செல்வமகள் சேமிப்புத் திட்டம் இருக்கு. 2015-ல வந்தது. பிள்ளைக்கு 10 வயசு ஆகுறதுக்குள்ள கணக்கைத் தொடங்கிடணும், அது முக்கியம்.

இதுல பலரும் கவனிக்காதது ஒண்ணு. வருஷா வருஷம் ஏறுற வட்டிக்கு வருமான வரி கிடையாது. கடைசியில மொத்தமா வாங்கும்போதும் கிடையாது. சேர்ந்த காசு அப்படியே பிள்ளைக்குத்தான். 18 வயசானதும் காலேஜ் ஃபீஸ் கட்ட, இருக்கிறதுல பாதி வரைக்கும் எடுத்துக்கலாம்.

பிள்ளையோட பிறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், பான் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டு, பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. பாஸ்புக் கைக்கு வந்ததும், அதுல இருக்கிற பேரை அவளையே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்க.