பட்ஜெட் நாற்பதாயிரம், பட்டியல் அவளுடையது

"கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணினா பாதி விலையில முடிஞ்சிடும்" என்று சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது தொண்ணூறுகளின் கணக்கு. இப்போது அதே பணத்துக்குத் திரை, பேட்டரி, கேமரா, விண்டோஸ் எல்லாம் சேர்த்து ஒரு சுமாரான லேப்டாப் வந்துவிடும். அதனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த பிள்ளை வந்து "வீட்டுலயே ஒண்ணு அசெம்பிள் பண்ணலாமா?" என்று கேட்டால், காசு மிச்சமாகும் என்று நம்பி இறங்காதீர்கள். பிள்ளைக்குக் கணக்குப் போட வரும் என்று நம்பி இறங்கலாம்.

என்னிடம் அப்படிக் கேட்டது அக்கா மகள். கையில் 40,000 ரூபாய். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க அவள் அப்பா வாங்கிய மானிட்டர் இருந்ததால் அந்தச் செலவு இல்லை. நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பட்டியலை அவளே எழுத வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் காரணம் சொல்ல வேண்டும். பெரியவர்களே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்க்ரூ முடுக்கும் வேலையை மட்டும் பிள்ளைக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது?

முதலில் வந்த பட்டியலில் பாதிப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டு தின்றிருந்தது. மிச்சத்தில் கணிசமான பங்கு, வண்ண விளக்கு சுழலும் மூன்று ஃபேன் வைத்த கண்ணாடி கேபினட்டுக்கு. எஸ்எம்பிஎஸ் என்ற வரியே இல்லை.

"கரண்ட் எங்கேருந்து வரும்?"

"கேபினட்டோட வரும் மாமா."

இந்தப் பதில் அவளுடைய அறியாமை அல்ல, நம் ஊர்ச் சந்தையின் பழக்கம். கேபினட் வாங்கினால் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்று கொடுக்கிற கடைகள் இன்றும் உண்டு. வெளியே 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே அந்தச் சுமையைத் தாங்கும் சரக்கு இருக்காது. மின்சாரம் ஏறி இறங்கும் நம் வீடுகளில் அது போகும்போது தனியாகப் போவதில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் என்ற முத்திரை 2004 முதல் இருக்கிறது. வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் அளவுகோல். அது திறனுக்கான சான்று, ஆயுளுக்கான உத்தரவாதம் அல்ல. ஆனாலும் பெயர் தெரிந்த கம்பெனியின் முத்திரை பெற்ற எஸ்எம்பிஎஸ், இலவசமாக வருவதைவிட எவ்வளவோ மேல். கண்ணாடியும் விளக்கும் பட்டியலிலிருந்து போய் அந்த இடத்தில் இது வந்தது. அன்று இரவு என்னோடு பேச்சு இல்லை.

கிராபிக்ஸ் கார்டு விழுந்தது வேறு வழியில். இந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன செய்யப் போகிறாய் என்று எழுதச் சொன்னேன். பைத்தான், பிளெண்டர், மைன்கிராஃப்ட், வாலரண்ட் என்று வந்தது. இவற்றுக்குத் தனிக் கார்டு இப்போதைக்குத் தேவையில்லை என்பதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். ஏஎம்டி 2021 ஆகஸ்டில் கடைகளுக்குக் கொண்டுவந்த ரைஸன் 5 5600ஜி என்ற பிராசஸரில் ஆறு கோர்களோடு ஒரு சுமாரான கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. இன்டெல்லில் இதற்கு நேர்மாறாக ஒரு கண்ணி உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைகிறதே என்று அதை வாங்கி, கார்டும் இல்லாமல் ஆன் செய்தால் திரையில் ஒன்றுமே வராது.

பட்ஜெட் கம்ப்யூட்டர் தேடுகிறவர்களைச் சுற்றி இன்னொரு வலையும் விரிந்திருக்கிறது. "ஐ7, 16 ஜிபி, வெறும் 15,000" என்கிற ரகத்து ஆன்லைன் விளம்பரம். அவளும் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். ஐ5, ஐ7 என்பது வகை மட்டுமே. வயது அதன் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022. விளம்பரத்தில் அந்த எண்ணே இல்லையென்றால், சொல்ல வெட்கப்படும் எண் என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ன் தகுதிப் பட்டியலில் அந்தப் பழைய பிராசஸர்கள் இல்லை. அலுவலகங்கள் கழித்துக் கட்டுபவை புதுப் பெட்டிக்குள் உட்கார்ந்து, 'கேமிங் பிசி' என்ற பெயரில் இப்படித்தான் வீடு தேடி வருகின்றன.

எங்கள் கணக்கை அதிகம் குலைத்தது ராம். 2025-ன் கடைசி மாதங்களில் அதன் விலை இருமடங்கையும் தாண்டியது. மெமரி சிப் செய்யும் பெரிய கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குத் திரும்பிவிட்டன. குருஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்ட் டிஸ்க் விலை ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் புதிது. எங்கோ யாரோ கேட்கும் கேள்விக்கு ஏஐ பதில் சொல்வதற்காகத் தன் பட்டியலில் ஒரு வரி இரட்டிப்பாவதை அவளால் ஏற்கவே முடியவில்லை.

இப்போதைக்கு 8 ஜிபி ஒன்று போதும், பிறகு பார்க்கலாம் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. 5600ஜி-யின் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. அது ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒற்றை ராம் போட்டால் பாதை ஒன்று, இரண்டு போட்டால் பாதை இரண்டு, விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும் என்று வாதாடினாள். அவள் சொன்னது சரி. முடிவில் செகண்ட் ஹேண்டில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 எடுத்தோம். பழையது வாங்கலாமா என்று தயங்குபவர்களுக்கு என் கருத்து: ராமும் பிராசஸரும் வாங்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே கூடாது. வாங்கிய ராமை மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளில் ஓர் இரவு ஓடவிட்டால் அதன் லட்சணம் தெரிந்துவிடும்.

சென்னையில் இதற்கெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்தான். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். விலையை ஆன்லைனில் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு போனால் பேரம் சீக்கிரம் முடியும். ஒரு கடையில் "சார், என்ன பாக்கறீங்க?" என்று என்னைக் கேட்டவர், பதில் முழுக்கப் பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து வரவும், கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிட்டார். "ஏ520 போர்டுல எம்.2 ஸ்லாட் ஒண்ணா ரெண்டா அண்ணா?" என்று அவள் கேட்க, அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறோம் என்ற பேச்சும் வரும். 18 சதவீத ஜிஎஸ்டியைப் பார்த்தால் சபலம் தட்டும்தான். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரன்டியை மறந்துவிட வேண்டும்.

எங்கெங்கோ செய்த பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு ஒரு கதை இருக்கிறது. 1981-ல் ஐபிஎம் தன் பிசியை வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களை வைத்தே செய்தது, மற்றவர்கள் நகலெடுத்தார்கள். 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுகளை ஒட்டித்தான் இன்றைய கேபினட்டிலும் ஸ்க்ரூ துளைகள் இருக்கின்றன.

பயம் பிராசஸரைப் பொருத்தும்போதுதான். இந்த ரகத்தில் அடிப்பக்கம் 1,331 ஊசிகள், ஒன்று வளைந்தாலும் தலைவலி. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் தானாக உட்கார வேண்டும், அழுத்தவே கூடாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தாள், அது உட்கார்ந்தது. கூலரில்தான் தடுமாற்றம். பிராசஸரோடு வருகிற கூலரை மாட்ட, போர்டின் மேல் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பின்பக்கத் தகடு பிடிமானமின்றி விழும். ஒரு கை பின்னால் தாங்க, இன்னொரு கை முன்னால் நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். வீட்டில் இரண்டாவது ஆள் நிஜமாகத் தேவைப்படும் இடம் இதுதான். தெர்மல் பேஸ்ட் கூலரின் அடியிலேயே தடவி வரும், விரலை வைத்துப் பார்க்கக் கூடாது.

முதல் முறை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. பலருக்கும் நடப்பதுதான் இது. முதலில் சந்தேகிக்க வேண்டியது ராமை. முழுதாக உட்கார்ந்தால் 'டக்' என்று சத்தம் வரும். எங்களுக்கும் அதுதான். ஒரு ராம் அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றது. அழுத்தியதும் பயாஸ் வந்தது. அங்கே போய் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்ய மறக்கக் கூடாது. 3200 என்று விற்கப்படும் பல ராம்கள் அதைத் தட்டிவிடும்வரை 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும்.

பட்டியலில் இரண்டு பேருமே விலை போடாத ஒரு வரி விண்டோஸ். அசல் உரிமத்தின் விலையைப் பார்த்ததும் 40,000-க்குள் அதற்கு இடமில்லை என்று தெரிந்தது. இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'கீ' எப்போது முடங்கும் என்று விற்றவருக்கே தெரியாது, அதை நான் அனுமதிக்கவில்லை. லினக்ஸ் மின்ட் போட்டோம். பைத்தான், பிளெண்டர், மைன்கிராஃப்ட் மூன்றும் நன்றாகவே ஓடுகின்றன. வாலரண்ட் மட்டும் லினக்ஸில் ஓடாது. அதற்காக இப்போது உண்டியலில் பணம் சேர்கிறது, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மீதித் தொகை எழுதப்படுகிறது.

பில்களை எல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், அந்தத் தாளில் எழுத்து மங்கிவிடும் என்பதால். காலி டப்பாக்கள் பரண்மேல். "எப்ப தூக்கிப் போடுவ?" என்று அக்கா கேட்டால், மதர்போர்டுக்கு மூன்று வருட வாரன்டி இருக்கிறதே என்று பதில் வருகிறது.