தம்பட்டம் யாருக்காக?

ஓயாமல் தன்னைப் பற்றியே உரக்கப் பேசுகிறவரை, ‘தம்பட்டம் அடிக்கிறார்’ என்கிறோம். அவர் அடிப்பது எதை என்று இன்று பலரும் யோசிப்பதில்லை. தம்பட்டம் என்பது குச்சியால் அடித்து முழக்கும் தோற்கருவி. கன்னடத்தின் ‘தமட்டெ’ இதற்கு உறவு. பெயரைச் சொல்லும்போதே அதன் ஓசையும் காதில் விழுகிறது.

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பு ஊருக்குச் செய்தி சொன்னவை இத்தகைய கருவிகள்தாம். வரி கட்டக் கடைசி நாள், ஏரி மீன் ஏலம், அம்மன் கோயில் காப்புக்கட்டு, காணாமல் போன மாடு என எதுவானாலும் தெருமுனையில் முதலில் முழக்கம் கேட்கும். சனம் கூடியதும், “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்...” என்று அறிவிப்பு தொடங்கும். தண்டோரா, தமுக்கு என்றும் இதைச் சொல்வார்கள். இந்த வழக்கம் மிகப் பழையது. மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவை அறிவிக்க முரசை யானையின் பிடரியில் ஏற்றுகிறார்கள்.

அடித்தவர் சொன்னது எப்போதுமே பிறர் செய்தி. தன் வீட்டில் பிள்ளை பிறந்ததையோ தான் பட்ட கடனையோ அவர் தெருவில் முழக்கியதில்லை. அந்த வேலையும் பெரும்பாலும் அவர் விரும்பி ஏற்றதல்ல. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் சுமத்தப்பட்டது. தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கியைப் பயன்படுத்தும்படி தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது 2022 ஆகஸ்டில்தான்.

‘சுயதம்பட்டம்’ என்ற சொல்லின் உறைப்பு இங்கேதான் இருக்கிறது. ஊர்ப் பொதுக் கருவியை ஒருவர் தன் பெருமைக்கு எடுத்துக்கொள்கிறார். ‘தற்பெருமை’ மனத்துக்குள்ளேயே இருந்துவிடலாம். தம்பட்டத்துக்கோ தெரு வேண்டும், கூட்டம் வேண்டும், சத்தம் வேண்டும். வசை கருவிக்கும் அதைச் சுமந்தவருக்கும் உரியதல்ல, கருவியைக் கைப்பற்றியவருக்கு உரியது என்றே நான் கொள்கிறேன்.

தமிழில் முழக்கமும் பேச்சும் வெகுகாலமாக ஒட்டிக்கொண்டவை. ‘அறைதல்’ என்றால் அடித்தல், சொல்லுதலும்கூட. பறை நமக்குக் கருவி. மலையாளத்தில் ‘பறயுக’ என்றால் சொல்வது. கேட்ட இரகசியத்தைப் பிறரிடம் கொண்டுபோய்க் கொட்டும் கயவரை வள்ளுவர் அடிக்கப்படும் பறைக்கே ஒப்பிட்டார். அந்தக் குணத்துக்கு இன்றைய பேச்சில் டமாரம் இருக்கிறது: “அவன்கிட்ட சொல்லாதே, ஊரெல்லாம் டமாரம் அடிச்சிடுவான்.”

ஜம்பம், சவடால் என்ற சொற்களையும் தம்பட்டம் என்ற பொருளில் சிலர் புழங்குகிறார்கள். ஆனால் வடமொழி ‘தம்ப’ வழியாக வந்த டம்பமும் ஜம்பமும் வாய் திறக்காமலேயே நடக்கும். கடன் வாங்கிப் பட்டு உடுத்தினால் போதும். இதில் ஊறியவர் டம்பாச்சாரி. சவடால் வாய்வீரம், செய்து காட்டாத சவால்.

மகள் தேர்ச்சி பெற்றதை ஒரு தாய் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஓடிப்போய்ச் சொன்னால் அது தம்பட்டம் ஆகாது. அது மகிழ்ச்சி. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இறந்தவருக்குத் தான் எத்தனை முறை பணம் கொடுத்தேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி ஒருவர் எண்ணிச் சொல்கிறாரே, அதுதான் தம்பட்டம்.