மாசும் தேய்மானமும்: நீர்ம அழுத்தப் பொறிகளின் பராமரிப்புக் கையேடுகளைத் தமிழாக்குவதில் எழும் பொருண்மைச் சிக்கல்கள்

1. முன்னுரை

ஐதராபாத் நகரும் அதன் சுற்றுப்புறமும் கருங்கற் பாறைமீது அமைந்தவை. இப்பாறையைத் துளைத்து ஆழ்துளைக் கிணறு அமைக்க வரும் 'ரிக்' வண்டிகளுள் பல நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்து வருபவை. அவ்வண்டிகளில் பணிபுரிவோருள் பலருக்குத் தமிழ் தாய்மொழி. வண்டி பழுதுற்றால் அதனைச் செப்பனிடும் உள்ளூர்ப் பட்டறையாளர் பேசுவது தெலுங்கு அல்லது தக்கனி உருது. பொறியுடன் வரும் கையேட்டின் மொழி ஆங்கிலம். ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் தரவேண்டிய தேவை இச்சூழலில் எழுகிறது.

இத்தகைய கையேடு ஒன்றின் தமிழ் வரைவைச் சரிபார்க்கும் வாய்ப்புச் சில ஆண்டுகளுக்கு முன்னர் இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. ரிக் பணியாளர் இருவருக்கு வரைவு படித்துக் காட்டப்பட்டது. 'நீரியல் தொட்டியைக் குறியளவு வரை நிரப்புக' என்ற வாக்கியத்தைக் கேட்ட ஒருவர், "எதைங்க ரொப்பறது, தண்ணியா ஆயிலா?" என்று வினவினார். இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் சேருமாயின் பொறி கெடும். பொறி நின்றால் அதனை நம்பியிருப்போரின் கூலியும் நிற்கும். எனவே இங்குச் சொற்றேர்வு நடையழகு பற்றியதன்று. பொருளின் பாதுகாப்புப் பற்றியது.

நீர்ம அழுத்தப் பொறிகளை மாசிலிருந்தும் தேய்மானத்திலிருந்தும் காக்கும் முறைகளைச் சுருக்கமாக விளக்கி, அவற்றைக் குறிக்கும் சொற்கள் தமிழில் எங்ஙனம் பிறழ உணரப்படுகின்றன என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தேவையான இடங்களில் தெலுங்கு வழக்கு ஒப்பிடப்படுகிறது.

2. பொறியின் இயல்பு

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. பம்பு எண்ணெயைத் தள்ள, வால்வு அதன் வழியைத் திருப்ப, உருளைக்குள் இருக்கும் தண்டு நகர்ந்து சுமையைத் தூக்குகிறது. இன்றைய அகழ்பொறிகளில் இவ்வழுத்தம் 300 பார் அளவையும் தாண்டும். இவ்வளவு அழுத்தத்திலும் எண்ணெய் கசியாதிருக்க, பம்பிலும் வால்விலும் ஒன்றனுள் ஒன்று இயங்கும் உறுப்புகளுக்கிடையே சில மைக்ரான் இடைவெளியே விடப்படுகிறது. மனிதக் கண்ணுக்குப் புலனாகும் மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான் அளவினது. ஆகவே பொறியைக் கெடுக்கும் துகள்களுட் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை.

இடைவெளியைவிட மிகப் பெரிய துகள் உள்ளே நுழையாது. மிகச் சிறியது உராயாமல் கடந்துவிடும். இடைவெளிக்கு ஏறக்குறைய ஒத்த அளவுடைய கடினத் துகளே இருபுறமும் உராய்ந்து உலோகத்தைச் சுரண்டும். கருங்கற் பொடியில் உள்ள குவார்ட்சு சாதாரண எஃகைக் கீறவல்லது. சுரண்டப்பட்ட உலோகப் பொடி எண்ணெயிற் கலந்து மேலும் சுரண்டும். மாசு தேய்மானத்தை உண்டாக்க, தேய்மானம் மாசை உண்டாக்குகிறது. இச்சுழற்சியை அறுப்பதே பராமரிப்பின் நோக்கம் எனலாம்.

மாசு மூன்று வழிகளில் சேர்கிறது. பொறி செய்யப்படும்போதும் செப்பனிடப்படும்போதும் உள்ளேயே தங்கிவிடுவது ஒன்று. தொட்டியின் காற்றுத்துளை வழியாகவும் உருளைத் தண்டின் துடைப்பு வளையம் வழியாகவும் வெளியிலிருந்து புகுவது மற்றொன்று. பொறிக்குள்ளேயே தேய்மானத்தால் பிறப்பது மூன்றாவது.

3. 'நீரியல்' என்னும் சொல்

ஆங்கிலச் சொல்லின் மூலம் கிரேக்க மொழியில் நீரையும் குழலையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்ற அழுத்துபொறி உண்மையிலேயே தண்ணீரால் இயங்கியது. 1906-இல் அமெரிக்கப் போர்க்கப்பலான வர்ஜீனியாவின் பீரங்கிகளை இயக்க எண்ணெயைப் பயன்படுத்தும் அமைப்பு பொருத்தப்பட்டது. அதன்பின் எண்ணெயே பெருவழக்காயிற்று. ஆங்கிலம் பேசுவோருக்குக் கிரேக்க வேரின் பொருள் மறைந்துவிட்டதால் இம்மாற்றம் சொல்லைப் பாதிக்கவில்லை. தமிழில் 'நீரியல்' என்று வேரை மொழிபெயர்த்தமையால், மூலமொழியில் மறைந்த பொருள் இலக்குமொழியில் உயிர்பெற்று எழுகிறது. அதுவும் பொறிக்குப் பகையான பொருளாக எழுகிறது.

எண்ணெயிற் கலந்த தண்ணீர் மசகுப் படலத்தை வலுவிழக்கச் செய்கிறது, துருவை உண்டாக்குகிறது, எண்ணெய் விரைவில் கெடத் துணைபோகிறது. அளவு மிகும்போது எண்ணெய் பால்போல் வெளுக்கும். அதற்குக் குறைந்த அளவு கண்ணுக்குத் தெரியாமலே தீங்கு செய்யும். 'நீரியல் அமைப்பில் நீர் கலவாது காக்க' என்னும் எச்சரிக்கை, படிப்பவருக்கு முரண்தொடராகவே தோன்றும். மேலும், 'நீரியல்' என்பது ஆறு, ஏரி, நிலத்தடி நீர் ஆகியவற்றை ஆராயும் துறைக்கும் வழங்குகிறது. ஆழ்துளைக் கிணறு பற்றிய நூலில் இவ்விரு பொருளும் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடும்.

இதற்குத் தீர்வாக மூன்று நிலைகளைப் பிரித்துக் கொள்ளலாம். ஆய்வு நூலிலும் பாடநூலிலும் 'நீர்ம அழுத்த' என்ற அடை பொருந்தும். நீர்மம் என்பது எண்ணெயையும் அடக்கும். பணியாளர் கையேட்டில் அவர்கள் நாளும் வழங்கும் 'ஹைட்ராலிக்' என்பதையே கொள்வது தகும். கலக்கக் கூடாத பொருளைக் குறிக்குமிடத்து 'நீர்' என்னாது 'தண்ணீர்' என்றே எழுதுதல் வேண்டும். 'நீர்' பல தொகைச்சொற்களில் உறுப்பாகிப் பொருள் விரிந்த சொல். 'தண்ணீர்' ஐயத்துக்கு இடந்தராதது.

4. மாசு, அழுக்கு, கலப்படம்

பொறிக்குள் சேரும் வேண்டாப் பொருளுக்கு 'மாசு' பொருத்தமான சொல். ஆனால் இன்றைய பொதுவழக்கில் அது காற்று மாசு, நீர் மாசு என்ற சுற்றுச்சூழற் பொருளையே முதலில் நினைவூட்டுகிறது. 'எண்ணெய் மாசு' என்றால் எண்ணெயால் விளையும் மாசா, எண்ணெயில் உள்ள மாசா என்ற ஐயம் எழும். வேற்றுமையுருபை விரித்து 'எண்ணெயிற் கலந்த மாசு' என எழுதினால் ஐயம் நீங்கும். 'கலப்படம்' பிறரது வஞ்சகத்தைக் குறிப்பால் உணர்த்துவதால் இங்குப் பொருந்தாது. 'அழுக்கு' கண்ணுக்குத் தெரிவதையே குறிக்கும்; 'அழுக்கு இல்லாவிட்டால் போதும்' என்ற தவறான நம்பிக்கைக்கு அச்சொல் வழிவகுக்கும். ஐதராபாத் பட்டறைகளில் கேட்கப்படும் 'கச்ரா' என்பதும் இவ்வகையினதே. குழாயை அடைக்கும் பெருந்துகளை அது குறிக்குமேயன்றி, எண்ணெயில் மிதக்கும் நுண்துகளைக் குறிப்பதில்லை. 'கண்ணுக்குத் தெரியாத மாசு' என்ற தொடரைக் கையேட்டின் தொடக்கத்திலேயே விளக்கிவிடுதல் நன்று.

5. தேய்மானமும் அதன் வகைகளும்

தமிழில் 'தேய்மானம்' இருபொருள் உடையது. பொறியுறுப்பு உராய்ந்து குறைவதையும், கணக்கேட்டில் சொத்தின் மதிப்புக் குறைவதையும் அது குறிக்கிறது. தெலுங்கு இவ்விரண்டையும் பிரித்து வைத்துள்ளது: உராய்வாற் குறைதல் 'அருகுதல', மதிப்புக் குறைதல் 'தருகுதல'. தமிழில் 'அருகுதல்' குறைதற்பொருளில் வழங்குவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பொறி வாங்கியவருக்குரிய கையேட்டில் பராமரிப்பும் நிதிக்கணக்கும் ஒருங்கே வருமாதலின், பின்னதற்கு 'மதிப்புத் தேய்வு' என்றும் முன்னதற்குத் 'தேய்மானம்' என்றும் வரையறுத்துக் கொள்ளலாம்.

தேய்மானத்தின் வகைகளை வேறுபடுத்துவது இன்றியமையாதது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு; எனவே தீர்வும் வேறு.

அ) சிராய்ப்பு: கடினத் துகள் இரு பரப்புகளுக்கிடையே சிக்கிக் கீறுவது. தோல் சிராய்ந்தது என்ற வழக்கால் எவரும் உணரக்கூடிய சொல். வடிகட்டியே தீர்வு.

ஆ) அரிப்பு: துகள் சுமந்த எண்ணெய் விரைந்து பாய்ந்து வால்வின் விளிம்புகளை மழுக்குவது. மண்ணரிப்பு என்ற வழக்கு இதற்குத் துணை.

இ) அரிமானம்: தண்ணீர், அமிலம் ஆகியவற்றின் வேதிவினையால் உலோகம் கெடுவது. அரிப்பும் அரிமானமும் ஒரே வேரினின்று பிறந்தமையால் மொழிபெயர்ப்பாளர் பலர் இவற்றை மயங்க வழங்குகின்றனர். முன்னதற்கு வடிகட்டியை ஆராய வேண்டும். பின்னதற்குத் தண்ணீர் புகுந்த வழியைத் தேட வேண்டும்.

ஈ) ஒட்டிப் பெயர்தல்: எண்ணெய்ப் படலம் அற்று உலோகமும் உலோகமும் ஒட்டிப் பெயர்வது.

உ) அயர்வு: துகள் மீண்டும் மீண்டும் அழுத்திய பரப்பில் நுண்பிளவு தோன்றிச் செதில் பெயர்வது.

ஊ) குமிழிச் சிதைவு: எண்ணெயில் தோன்றும் ஆவிக்குமிழி அழுத்தம் மிக்க இடத்தில் உள்ளொடுங்கி உலோகத்தைக் குழிப்பது. இதனைக் 'குமிழி வெடிப்பு' என மொழிபெயர்ப்பது பிழை. குமிழி வெளிநோக்கி வெடிப்பதில்லை.

6. தூர்தல்: ஏரி தந்த சொல்

வால்வின் இடைவெளியில் மிக நுண்ணிய துகள்கள் சிறிது சிறிதாகப் படிந்து, அசையும் உறுப்பை இறுகப் பிடித்துக்கொள்வதுண்டு. ஆங்கிலத்தில் இந்நிகழ்வு வண்டல் படிதலைக் குறிக்கும் சொல்லாலேயே வழங்கப்படுகிறது. அகராதியை நாடும் மொழிபெயர்ப்பாளர் 'வண்டல் பூட்டு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடக்கூடும். அதனால் ஒன்றும் விளங்காது.

தமிழில் இதற்கு ஆயத்தமான வினை உண்டு. கிணறும் வாய்க்காலும் 'தூர்ந்து' போகின்றன. அவற்றைத் 'தூர் வாருகிறோம்'. தெலுங்கில் இதற்கு நிகரானது 'பூடிக'. 2015-இல் தெலங்கானா அரசு தொடங்கிய மிஷன் காகதீயா திட்டம் 46,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்களைச் சீரமைக்கும் குறிக்கோளுடையதாய் இருந்தது. அதன் வழியே 'பூடிகதீத' என்ற சொல் நாளிதழ்களில் நாளும் இடம்பெற்றது. ஏரியைத் தூர்வாரும் பொறியின் வால்வே உள்ளே தூர்ந்துபோகிறது என்றால் வேளாண் குடியிற் பிறந்த ஓட்டுநர் உடனே விளங்கிக்கொள்வார். 'வால்வு தூர்தல்' என்பதைக் கலைச்சொல்லாக ஏற்கலாம்.

அப்பொறியின் பெயரும் நோக்கத்தக்கது. பொக்லைன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் தமிழிலும் தெலுங்கிலும் அகழ்பொறிக்கே பொதுப்பெயராகிவிட்டது. மக்கள் பொறியின் பெயரைக் கடன் வாங்குவர். பொறியின் நோயை மட்டும் தம் அனுபவச் சொல்லாலேயே உணர்வர் என்பதை இது காட்டுகிறது.

7. எண்களும் அளவைச் சொற்களும்

எண்ணெயில் உள்ள துகள்களின் அளவை ஐ.எஸ்.ஓ. 4406 என்னும் பன்னாட்டுத் தரம் எண்களாற் குறிக்கிறது. 1999-இன் திருத்தத்திலிருந்து 18/16/13 என்பது போன்ற மூன்று எண்கள் இடம்பெறுகின்றன. இவை ஒரு மில்லிலிட்டரில் முறையே 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் அளவுள்ள துகள்களின் எண்ணிக்கை வரம்புகளைச் சுட்டும். 13 என்பது 40-க்கு மேல் 80 வரை. 16 என்பது 320-க்கு மேல் 640 வரை. ஓர் எண் கூடினால் துகள் ஏறத்தாழ இருமடங்காகும்; மூன்று எண் கூடினால் எட்டு மடங்காகும்.

இதனைத் 'தூய்மைக் குறியீடு' எனப் பெயர்ப்பது இடர் தரும். தூய்மை எண் 20 என்றால் 16-ஐவிடத் தூயது என்றே தமிழ் வாசகர் கருதுவார். உண்மை அதற்கு நேர்மாறு. 'மாசுநிலைக் குறியீடு' என்றால் எண் கூடுந்தோறும் மாசு கூடும் என்பது சொல்லாலேயே விளங்கும்.

வடிகட்டியின் திறனைக் கூறும் அடைகளும் இத்தகையவையே. உற்பத்தியாளர் தோராயமாக அறிவிக்கும் அளவைப் 'பெயரளவுத் திறன்' எனலாம். 'பெயரளவுக்குச் செய்தான்' என்ற வழக்கின் இகழ்ச்சிக் குறிப்பு இங்கு நன்மையே பயக்கிறது. 10 மைக்ரான் என எழுதப்பட்ட அத்தகைய வடிகட்டி அவ்வளவுள்ள துகள்கள் அனைத்தையும் தடுக்கும் என உறுதி கூற இயலாது.

8. ஏவல் தொடர்கள்

சொல்லைக் கடந்து தொடரிலும் கருத்துச் செலுத்த வேண்டும். மூன்று சான்றுகள் வருமாறு:

'தூய துணியால் துடைக்க' என்ற தொடரைப் படிக்கும் பணியாளர் துவைத்த பனியன் வேஸ்ட்டை எடுப்பார். அதன் நூலிழை உருளைக்குள் தங்கிவிடும். மூலம் வேண்டுவது 'நூல் பிரியாத துணி'.

'புதிய எண்ணெய் நிரப்புக' என்பதில் புதியது தூயது என்ற எண்ணம் பொதிந்துள்ளது. பீப்பாயிலிருந்து வரும் புதிய எண்ணெய் பெரும்பாலும் பொறிக்கு வேண்டிய தூய்மையுடன் இருப்பதில்லை. 'புதிய எண்ணெயையும் வடிகட்டியே நிரப்புக' என்று உம்மை சேர்த்து எழுதினால் கருத்து முழுமை பெறும்.

'பீப்பாய் வெயில் மழையில் வைக்கப்படலாகாது' என்னும் செயப்பாட்டுத் தொடர் செய்வோரைச் சுட்டுவதில்லை, காரணத்தையும் கூறுவதில்லை. நிமிர்த்தி வைத்த பீப்பாயின் மூடிமேல் மழைநீர் தேங்கும். இரவில் எண்ணெய் குளிர்ந்து சுருங்கும்போது அந்நீர் மூடியின் புரிவழியே உறிஞ்சப்படும். 'பீப்பாயைப் படுக்க வைக்க, நிமிர்த்தி வைத்தால் மூடிமேல் தேங்கும் தண்ணீர் உள்ளே புகும்' என்பது கற்பிக்கும், முன்னது கட்டளையிடும்.

9. முடிவுரை

தொழிலாளரிடம் சொல் கேட்டுத் தொகுக்கும் நெறிக்குத் தெலுங்கில் முன்மாதிரி உண்டு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொகுத்த தெலுங்குத் தொழிற்சொல் வட்டார அகராதியின் வேளாண்மைத் தொகுதி 1962-இலும் கைத்தறித் தொகுதி 1971-இலும் வெளிவந்தன. உழவரும் நெசவாளரும் வழங்கும் சொற்கள் அறிவியல் நோக்கில் திரட்டத்தக்கவை என்பதை அவை நிறுவின. பொறிப் பட்டறைக்கும் இத்தகைய தொகுப்புத் தமிழில் தேவை. திருச்செங்கோட்டு ரிக் தொழிலாளரிடையே அதனைத் தொடங்கலாம்.

மேற்கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். கலைச்சொல்லை மூலமொழியின் வேருக்கு ஒப்ப ஆக்குவது போதாது. அதனைப் படிப்பவர் கையில் அது எச்செயலாக மாறும் என்பதையும் சோதித்தல் வேண்டும். எண்ணெயை வடிகட்டிப் பொறியில் இடுவதுபோலச் சொல்லையும் பயனாளியின் செவியில் வடிகட்டிய பின்னரே நூலில் இடுதல் நன்று. "தண்ணியா ஆயிலா?" என்ற வினா எழாத கையேடே நல்ல மொழிபெயர்ப்பாகும்.