துணைவர் தலையாட்டியாகலாமா?

கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவுக்குத் துணைப் பயிற்சியாளரைத் தேடுவோர், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவரையே விரும்புவதுண்டு. அது நன்றன்று என்பதே நம் கருத்து. அமெரிக்காவிலே அதற்கொரு சான்றும் உண்டு.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவை ஜோன் வூடன் 1948ஆம் ஆண்டிலே பொறுப்பேற்றார். 15 பருவங்கள் கழிந்தும் தேசியப் பட்டம் கிட்டவில்லை. துணைப் பயிற்சியாளர் ஜெரி நோர்மன் முன்னர் அவரிடமே ஆடியவர். ஆயினும், வாதாடத் தயங்காதவர். எதிரணியைக் களம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் முறையைக் கைக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்தினார். வூடன் இணங்கினார். முதல் ஐவரில் ஆறடி ஐந்தங்குலத்தை விஞ்சியவர் எவருமில்லாத அக்குழு, அப்பருவத்தின் 30 ஆட்டங்களையும் வென்று 1964இல் பட்டம் பெற்றது. 1975க்குள் மேலும் ஒன்பது பட்டங்கள் தொடர்ந்தன.

ஆகவே, துணைவரைத் தெரியும்போது நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: நாம் வழி தவறினால், இவர் நம் முகத்துக்கு நேரே அதைச் சொல்வாரா?