பிரஷர் பார்க்கும்போது பேச்சு வேண்டாம்

வானொலியில் சில வினாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். பேசுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆனால் வீட்டில் என் அத்தைக்கு பிரஷர் பார்க்கும்போது மட்டும் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவரையும் பேச விடமாட்டேன்.

பல வீடுகளில் நடப்பது வேறு. சமையலறையிலிருந்து அம்மா வந்து உட்கார்ந்ததுமே கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். அது இறுகும்போதே, "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேள்வி. அவர் மாத்திரையில் தொடங்கி பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை போய்விடுவார். திரையில் 152 வரும். வீடே பதறும்.

பேசினாலே மேல் எண் 10 புள்ளி வரை ஏறலாம். பட்டை இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் இன்னும் 8 புள்ளி கூடும். சோபாவில் சாய்ந்து தாழ்வான மேசையில் கையை வைத்தால் இதுதான் நடக்கும். சாப்பாட்டு மேசையே நல்லது. கால் மேல் கால் போடுவது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது, பருமனான கைக்குச் சின்னப் பட்டை, எல்லாமே எண்ணை ஏற்றிவிடும்.

அந்த எண்ணை நம்பி மருந்தின் அளவு கூட்டப்பட்டால்? இரவில் கழிப்பறைக்கு எழும் முதியவருக்குத் தலை சுற்றும். விழுந்தால் இடுப்பெலும்பு போகும். மாறாக, "மெஷின் சரியில்லை" என்று உண்மையான உயர் அழுத்தத்தை ஒதுக்குபவர்களும் உண்டு. அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம்.

அதனால் கோப்பி, சிகரெட், உடற்பயிற்சி எதுவானாலும் அரை மணி நேரம் கழித்தே பாருங்கள். கழிப்பறைக்குப் போய் வந்து, முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் பட 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். பட்டை வெறும் கையில்தான் இருக்க வேண்டும். பாஜு குரோங்கின் கையை இறுக்கிச் சுருட்டிவிடுவதும் சரியல்ல. தையல் டேப்பால் மேற்கையின் சுற்றளவை அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பு ஒன்று, மாலையில் ஒன்று.

ஒரு வாரச் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

கிளினிக்குக் குறிப்புப் புத்தகத்தோடு கருவியையும் ஒருமுறை கொண்டுபோங்கள். அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.